அபராதத்தோடு சண்டை போடுங்கள், சந்தாவை நிறுத்தாதீர்கள்

கேள்வி: டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். எங்கள் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) மூன்று மாதத்துக்கு ஒருமுறை 330 டாலர் சந்தா வாங்குகிறது. சென்ற ஆண்டு இறுதியில் குப்பைத் தொட்டி தெருவிலிருந்து தெரிந்தது என்று 75 டாலரும், அனுமதி வாங்காமல் வேலிக்கு வேறு நிறம் பூசினோம் என்று 150 டாலர் வீதம் இருமுறையும் அபராதம் போட்டார்கள். தெருவில் பாதிப் பேர் வீட்டுத் தொட்டி வெளியேதான் நிற்கிறது. கோபத்தில் ஜனவரி சந்தாவைக் கட்டவில்லை. ஏப்ரலில் மனம் மாறி 330 டாலர் அனுப்பினேன். அதை அபராதத்தில் வரவு வைத்துவிட்டு, இரண்டு தவணைச் சந்தாவும் பாக்கி என்கிறார்கள். இப்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து மொத்தம் 1,245 டாலர் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கட்டாவிட்டால் வீட்டின்மேல் லீன் (கடனுக்கான பிணைப்பு உரிமை) பதிவார்களாம். சொத்து வரி தனியாகக் கட்டுகிறோமே, இவர்களுக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவில் இருக்கும் நண்பர், அபராதம் 100 டாலரைத் தாண்டவே கூடாது என்கிறார். இந்தச் சந்தாவை வருமான வரியில் கழிக்க முடியுமா? வாசலில் கோலமும் தோரணமும் இருப்பதற்கும் அடுத்து கடிதம் வருமோ என்று மனைவி கேட்கிறார். வீடு பறிபோகுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். டெக்ஸாஸில் அபராதத்துக்காக மட்டும் யாரும் உங்கள் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது. சந்தா பாக்கிக்காகக் கொண்டுவர முடியும். உங்களுக்குக் கோபம் அபராதத்தின்மேல். நீங்கள் நிறுத்தியதோ சந்தாவை. சங்கத்தின் கையில் இருந்த மொட்டைக் கத்தியை நீங்களே தீட்டிக் கொடுத்துவிட்டீர்கள். என்னிடம் வரும் எச்.ஓ.ஏ. தகராறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

இந்த அதிகாரம் அரசு கொடுத்தது அல்ல, ஆகவே அதைச் சொத்து வரியோடு ஒப்பிடுவதில் பயனில்லை. மனைப்பிரிவை உருவாக்கிய நிறுவனம் முதல் வீட்டை விற்பதற்கு முன்பே, கவுன்ட்டி அலுவலகத்தில் சங்கத்தின் விதிகளும் சந்தாக் கடமையும் எழுதிய ‘டிக்ளரேஷன்’ என்ற பத்திரத்தைப் பதிவு செய்திருக்கும். அது ஆளோடு போவதில்லை, நிலத்தோடு போகிறது. வீட்டை வாங்கிய நொடியில் அதற்கு நீங்களும் கட்டுப்பட்டவர். படிக்கவில்லை, தனியாகக் கையெழுத்துப் போடவில்லை என்பதெல்லாம் எடுபடாது. உங்கள் வீட்டு அடமானக் கடனில் வரியும் காப்பீடும் எஸ்க்ரோவில் (வங்கி உங்களிடம் வாங்கிவைத்துத் தானே கட்டும் கணக்கில்) போய்க்கொண்டிருக்கும். எச்.ஓ.ஏ. சந்தா பொதுவாக அதில் சேராது. அதை வங்கி கட்டிவிடும் என்று நினைத்து, முதல் ஆண்டு முழுவதும் கட்டாமலே இருந்தவர்கள் உண்டு.

‘டெக்ஸாஸில் ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு இருக்கிறது, குடியிருக்கும் வீட்டை யாரும் தொட முடியாது’ என்று விருந்துகளில் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த விஷயத்தில் அது சரியல்ல. நீங்கள் வீட்டை வாங்குவதற்கு முன்பே பதிவான டிக்ளரேஷனில் சந்தாவுக்கான பிணைப்பு உரிமை எழுதப்பட்டிருந்தால், ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு அதைத் தடுக்காது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1987-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

சந்தாவை எதிர்த்து வாதாட ஏன் இடம் குறைவு என்றால், சங்கத்துக்கு அதைவிட்டால் சொல்லும்படியான வருமானம் இல்லை. நீச்சல் குளம், பூங்கா, நுழைவாயில் விளக்கு, பொது இடத்துக்கான காப்பீடு, நிர்வாக நிறுவனத்துக்கான கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போகவேண்டும். நீங்கள் கட்டாத பங்கை மற்ற வீட்டுக்காரர்கள் சுமக்கிறார்கள். ‘நீச்சல் குளத்தை நான் பயன்படுத்துவதே இல்லை’, ‘அபராதம் அநியாயமானது, அதை விலக்கும்வரை சந்தா கிடையாது’ போன்ற வாதங்களை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

சந்தாவில் ஒரு பகுதி, பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்துவைக்கும் இருப்பு நிதிக்குப் போகும். சந்தாவைக் குறைவாக வைத்திருப்பதாகப் பெருமைப்படும் சங்கத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பெரும்பாலும் அங்கே இருப்பு நிதி காலியாக இருக்கும். ஒரு நாள் சுற்றுச்சுவரோ குளமோ பழுதாகும்போது சிறப்பு வசூல் என்று எல்லோர் தலையிலும் ஒரே சமயத்தில் விழும். 2021 ஜூனில் ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் பழுதுபார்ப்புக்காகச் சுமார் 150 லட்சம் டாலர் சிறப்பு வசூல் அதற்குச் சற்று முன்புதான் முடிவாகியிருந்தது. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட செலவு அது. அதன் பிறகு ஃப்ளோரிடா, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிகளுக்கு இருப்பு நிதி ஆய்வைக் கட்டாயமாக்கியது. உங்களுடையது தனி வீடுகள் கொண்ட மனைப்பிரிவு, இவ்வளவு பெரிய ஆபத்து கிடையாது. ஆனால் கணக்கின் தர்க்கம் ஒன்றுதான்.

சந்தாவை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை உங்கள் டிக்ளரேஷன்தான் சொல்லும். மாநிலச் சட்டம் அதற்குப் பொதுவான உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆனால் உயர்த்தும் முடிவை அறைக்குள் ரகசியமாக எடுக்க முடியாது. சந்தா உயர்வு, சிறப்பு வசூல், அபராதம் ஆகியவற்றை நிர்வாகக் குழு முன்னறிவிப்போடு கூடிய திறந்த கூட்டத்தில்தான் முடிவு செய்யவேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு 144 மணி நேரமும் சிறப்புக் கூட்டத்துக்கு 72 மணி நேரமும் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும். உங்கள் குழுவின் கடைசிக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பல இடங்களில் குழு உறுப்பினர்களைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

இனி அபராதத்துக்கு வருவோம். இங்கேதான் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. டெக்ஸாஸ் சொத்துச் சட்டத் தொகுப்பின் 209-ஆம் அத்தியாயம் 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஹூஸ்டனில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியின் வீடு, ஆயிரம் டாலருக்கும் குறைவான சந்தா பாக்கிக்காக ஏலத்தில் விற்கப்பட்டது. அந்தச் சம்பவம் எழுப்பிய கொதிப்பும் சேர்ந்து பிறந்த சட்டம் இது. பின்னால் வந்த திருத்தங்கள், முக்கியமாக 2011, 2021, 2023 ஆண்டுகளில் வந்தவை, இதை இன்னும் இறுக்கின. (அடுக்குமாடி வீடுகளுக்கு 82-ஆம் அத்தியாயம் தனியாக இருக்கிறது. கான்டோவில் இருக்கும் வாசகர்கள் இந்தப் பதிலை அப்படியே பொருத்திக்கொள்ள வேண்டாம்.)

அந்தச் சட்டப்படி, அபராதம் போடுவதற்கு முன் சங்கம் சர்ட்டிஃபைட் தபாலில் (அனுப்பியதற்கு அஞ்சலகச் சான்று உள்ள தபாலில்) உங்களுக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கவேண்டும். விதிமீறல் இன்னது, கேட்கும் தொகை இவ்வளவு என்று அதில் இருக்கவேண்டும். திருத்திக்கொள்ளக்கூடிய மீறல் என்றால் திருத்துவதற்கு நியாயமான அவகாசமும் ஒரு தேதியும் தரவேண்டும். தொட்டியை உள்ளே நகர்த்துவதும் வேலியின் நிறத்தை மாற்றுவதும் திருத்திக்கொள்ளக்கூடியவையே. அந்தத் தேதிக்குள் திருத்திவிட்டால் அபராதம் கிடையாது. தபால் அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விசாரணை கோரும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும் அதில் சொல்லியிருக்கவேண்டும். ஒரு விதிவிலக்கு: அதே மாதிரியான மீறலுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் அறிவிப்பும் அவகாசமும் கொடுத்திருந்தால், மறுபடியும் கொடுக்கவேண்டியதில்லை. வேலிக்கான இரண்டாவது 150 டாலரை அவர்கள் இப்படித்தான் நியாயப்படுத்துவார்கள். முதல் அறிவிப்பு சரியாக வரவில்லை என்றால் அந்த நியாயமும் நிற்காது.

உங்கள் கடிதத்தில் சர்ட்டிஃபைட் தபால் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மின்னஞ்சலிலும் சாதாரணத் தபாலிலும் நினைவூட்டல் அனுப்பிவிட்டு, கணக்கில் அபராதத்தை ஏற்றிவிடும் நிர்வாக நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. ஆகவே வீட்டில் இருக்கும் எல்லா உறைகளையும் எடுத்துத் தேதியோடு பாருங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். 2024 ஜனவரி முதல், அபராதம் விதிக்கும் ஒவ்வொரு சங்கமும் எழுத்தில் ஓர் அபராதக் கொள்கை வைத்திருக்கவேண்டும்: எந்த வகை மீறலுக்கு எவ்வளவு தொகை, விசாரணை எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். அதை இணையதளத்தில் போடவேண்டும், இல்லையென்றால் ஆண்டுதோறும் உறுப்பினர்களுக்கு அனுப்பவேண்டும். வேலிக்கு 150 என்று அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதே உங்கள் முதல் கேள்வி.

நண்பர் சொன்னது அவர் மாநிலத்துக்குச் சரி. கலிபோர்னியாவில் 2025 ஜூலை முதல், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு விளைவிக்காத மீறல்களுக்கு அபராதம் ஒரு மீறலுக்கு 100 டாலருக்கு மேல் போகக்கூடாது. ஃப்ளோரிடாவிலும் 100 டாலர்தான் வழக்கமான வரம்பு. அங்கே நாள்கணக்கில் கூடிக்கொண்டே போகலாம், ஆனால் சங்கத்தின் பத்திரம் வேறு மாதிரி சொல்லாதவரை மொத்தம் 1,000 டாலரோடு நின்றுவிடும். குப்பை எடுக்கும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்னும் பின்னும் தொட்டி வெளியே இருப்பதற்கு அபராதம் போடக்கூடாது என்றுகூட 2024-இல் அங்கே சட்டம் வந்தது. தொட்டிக்காக ஒரு சட்டமன்றம் உட்கார்ந்து பேசியிருக்கிறது என்றால் நாடெங்கும் எத்தனை பேர் உங்களைப்போல் எரிச்சலடைந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! டெக்ஸாஸில் அப்படித் தொகை வரம்பு இல்லை. உங்கள் ஆயுதம் தொகை அல்ல, நடைமுறை.

‘தெருவில் பாதிப் பேர்’ என்ற வாதத்தைத் தள்ளிவிடாதீர்கள். சங்கம் தன் அதிகாரத்தை மனம்போன போக்கிலோ பாரபட்சமாகவோ பயன்படுத்தினால் நீதிமன்றம் அதை ஏற்காது. ஆனால் பேச்சில் சொன்னால் போதாது. தேதி தெரியும்படி படங்கள் எடுத்துவையுங்கள். அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்கத் தயங்கினால் வீட்டு எண் தெரியாமல் எடுக்கலாம். வேலி விஷயத்தில் உங்கள் நிலை அவ்வளவு வலுவாக இல்லை. அனுமதி கேட்காமல் பூசினீர்கள் என்பதை மறைக்காமலே எழுதியிருக்கிறீர்கள். பூசிய நிறத்துக்கே இப்போது விண்ணப்பம் போடுங்கள். கிடைத்துவிட்டால் அபராதத்தை விலக்கும்படி கேட்பது எளிது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், அதற்கும் விசாரணை கேட்கலாம்.

இப்போது அந்த 1,245. உங்கள் கடிதத்தோடு வந்த கணக்கு விவரத்தின்படி சந்தா 660, தாமதக் கட்டணம் 50, மிச்ச அபராதம் 45, வழக்கறிஞர் கட்டணம் 450, தபால் செலவு 40. கூட்டல் சரிதான். தப்பு இருப்பது வரவு வைத்த இடத்தில்.

உறுப்பினர் அனுப்பும் பணத்தை எந்த வரிசையில் வரவு வைக்கவேண்டும் என்று 209-ஆம் அத்தியாயம் தெளிவாகச் சொல்கிறது. முதலில் பழைய சந்தா பாக்கி, அடுத்து நடப்புச் சந்தா, பிறகு சந்தா வசூல் தொடர்பான வழக்கறிஞர் செலவு, பிறகு மற்ற வழக்கறிஞர் செலவு, அதன் பிறகே அபராதம், கடைசியில் மீதி எல்லாம். ஏப்ரலில் நீங்கள் அனுப்பிய 330 டாலர் ஜனவரிச் சந்தாவுக்குப் போயிருக்கவேண்டும். அப்படி வைத்தால் சந்தா பாக்கி 330 மட்டும், அபராதம் முழு 375. மொத்தம் அதே 1,245 தானே, இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். வீட்டை ஆபத்தில் வைக்கும் தொகை பாதியாகிவிட்டது, லாபம் அதுதான். மீதி 375-ஐ வைத்து அவர்களால் கடிதம் எழுத முடியும், சிறு நீதிமன்றத்துக்குப் போக முடியும், ஏலத்துக்குப் போக முடியாது. இதைத் திருத்தும்படி எழுத்தில் கேளுங்கள். நிர்வாக நிறுவனத்தின் மென்பொருள் பழைய தேதியிட்ட பாக்கியை முதலில் கழிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் சூழ்ச்சி அல்ல. சுட்டிக்காட்டினால் மாற்றிவிடுவார்கள்.

வழக்கறிஞர் கட்டணம் 450-ஐப் பற்றி என் தொழிலைச் சேர்ந்தவர்களே கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: எச்.ஓ.ஏ. தகராறுகளில் சாதாரணத் தொகையைப் பூதாகரமாக்குவது அபராதமோ சந்தாவோ அல்ல, இந்த வரிதான். ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு கோப்பு திறந்த கட்டணம் என்று அது வளரும். அதைக் கேட்பதற்கு முன் சங்கம் சில படிகளைக் கடந்திருக்கவேண்டும். வசூலை வெளியாரிடம் ஒப்படைக்கும் முன், ஒவ்வொரு பாக்கியையும் பிரித்துக் காட்டி, தவணைத் திட்டம் உண்டு என்று சொல்லி, 45 நாள் அவகாசம் கொடுத்து சர்ட்டிஃபைட் தபாலில் அறிவிப்பு அனுப்பியிருக்கவேண்டும். இல்லையென்றால் வசூல்காரரின் கட்டணத்தை உங்கள் தலையில் கட்ட முடியாது. விதிமீறல் தொடர்பாக என்றால், விசாரணை கோருவதற்கான காலம் முடிவதற்கு முன் ஏற்பட்ட வழக்கறிஞர் செலவுக்கும் நீங்கள் பொறுப்பல்ல. எழுத்தில் கேட்டால் வழக்கறிஞர் பில்லின் நகலைத் தரவேண்டிய கடமையும் சங்கத்துக்கு இருக்கிறது. கேளுங்கள்.

கடிதம் அனுப்பியவர் வசூலையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர் என்றால், 1977-ஆம் ஆண்டின் கூட்டரசுக் கடன் வசூல் சட்டமும் அவரைக் கட்டுப்படுத்தும். கடனைப் பற்றிய முறையான விவரம் கிடைத்த 30 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் மறுத்தால், அவர் ஆதாரம் அனுப்பும்வரை வசூலை நிறுத்தவேண்டும்.

லீன் பற்றி மிரட்டியிருக்கிறார்கள். அதற்கும் காலக்கணக்கு உண்டு. முதல் பாக்கி அறிவிப்பு, குறைந்தது 30 நாள் கழித்து சர்ட்டிஃபைட் தபாலில் இரண்டாவது அறிவிப்பு, அதன் பிறகு 90 நாள் போகவேண்டும். அதற்குமேல்தான் பதிவு. ஏலத்துக்கு நீதிமன்ற உத்தரவும் வேண்டும். அதையும் மீறி ஏலம் போனால், சங்கம் விற்பனை அறிவிப்பை அனுப்பிய நாளிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டி வீட்டை மீட்கலாம். உங்கள் தொகைக்கு இவையெல்லாம் வெகு தூரத்தில் இருக்கின்றன. இரவில் தூங்குங்கள்.

சந்தாவை வருமான வரியில் கழிப்பது: குடியிருக்கும் வீட்டுக்கு முடியாது, வாடகைக்கு விட்டிருந்தால் வாடகைச் செலவாகக் காட்டலாம்.

தோரணத்தைப் பற்றி மனைவிக்குக் கவலை வேண்டாம். உண்மையான மத நம்பிக்கையால் வீட்டிலும் சொந்த இடத்திலும் வைக்கும் சமயப் பொருட்களைச் சங்கம் தடைசெய்யக்கூடாது என்று அதே சொத்துச் சட்டத் தொகுப்பின் 202-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. முன்பு வாசற்கதவுக்கு மட்டும் பொருந்திய இந்தப் பாதுகாப்பு 2021-இல் விரிவாக்கப்பட்டது. பொது இடத்திலோ விளக்குக் கம்பத்திலோ கட்டாதவரை சரி. கோலம் அடுத்த மழையில் போய்விடும். அதற்குச் சர்ட்டிஃபைட் தபால் அனுப்பிய சங்கத்தை நான் இதுவரை கண்டதில்லை.

இந்த வாரம் செய்யவேண்டியது இதுதான். சந்தா பாக்கி 330 டாலரை, அடுத்த தவணைக்கான தேதி வந்திருந்தால் அதையும் சேர்த்து, உடனே கட்டுங்கள். காசோலையில் ‘சந்தாவுக்கு மட்டும்’ என்று எழுதி, அதே வாசகத்தோடு ஒரு கடிதமும் வையுங்கள். கோப்பு வழக்கறிஞரிடம் போய்விட்டதால் நிர்வாக நிறுவனம் காசோலையைத் திருப்பி அனுப்பலாம். பணம் யாருக்கு வரவேண்டும் என்று முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் முடியாது என்றால் 45 நாள் முடிவதற்குள் தவணைத் திட்டம் கேளுங்கள். 14 மனைகளுக்கு மேல் உள்ள சங்கம் குறைந்தது மூன்று மாதத் தவணை தரவேண்டும். தவணையை ஒழுங்காகக் கட்டும் காலத்தில் புதிய தண்டத் தொகை சேராது, வட்டி சேரலாம். அந்த 45 நாள் போன பிறகு கேட்டால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அபராதத்துக்குத் தனிக் கடிதம். அறிவிப்பின் தேதியிலிருந்து 30 நாள் தாண்டவில்லை என்றால் அதில் முதல் வரியே விசாரணைக் கோரிக்கையாக இருக்கட்டும். விசாரணைக்கு 10 நாள் முன்பே அவர்கள் பயன்படுத்தப்போகும் படங்களையும் ஆவணங்களையும் உங்களுக்குத் தந்துவிடவேண்டும், தராவிட்டால் 15 நாள் ஒத்திவைப்பு உங்கள் உரிமை. விசாரணையை ஒலிப்பதிவு செய்யலாம். குரலை உயர்த்தாதீர்கள். எதிரே இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் அக்கம்பக்கத்தார். 30 நாள் தாண்டிவிட்டது, ஆனால் சர்ட்டிஃபைட் அறிவிப்பே வரவில்லை என்றால், அதைச் சொல்லி அபராதத்தை நீக்கும்படி கேளுங்கள். அனுப்பியதற்கான தபால் ரசீது, அபராதக் கொள்கை, முழுக் கணக்கு ஆகியவற்றின் நகலையும் சேர்த்துக் கோருங்கள். 10 வேலை நாளுக்குள் பதில் வரவேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் சிறு வழக்குகளை விசாரிக்கும் உங்கள் பகுதி ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றத்திலேயே 209-ஆம் அத்தியாயத்தை மீறியதற்காக வழக்குப் போடலாம். அங்கே வரம்பு 20,000 டாலர், வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். உறைகளில் உள்ள தேதிகளைப் பார்த்தபின் எந்த அறிவிப்பு எந்த வழியில் வந்தது என்று எழுதி அனுப்புங்கள். அந்த 450 டாலரில் எவ்வளவு நிற்கும் என்று அப்போதுதான் சொல்ல முடியும்.